ஃபயர்பாக்ஸ் நைட்லி: களஞ்சியமா, டார் கோப்பா, ஸ்னாப்பா?

ஃபயர்பாக்ஸ் உலாவியின் சோதனைப் பதிப்பான நைட்லி வழக்கமாக ஒரே நாளில் இருமுறை உருவாக்கப்படுகிறது. அதை டெபியன் அல்லது உபுண்டு கணினியில் நிறுவ விரும்புகிறவருக்கு ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் ஆப்ட் களஞ்சியம் (ஆப்ட் என்பது இவ்விரண்டிலும் மென்பொருளை நிறுவும் கருவி), லாஞ்ச்பேட் தளத்தில் உள்ள பி.பி.ஏ. என்ற தனிக் களஞ்சியம் (உபுண்டுவுக்கு மட்டும்), நேரடியாக இறக்கிக்கொள்ளும் டார் என்ற தொகுப்புக் கோப்பு, ஸ்னாப் என்ற வேறொரு பொதி முறையின் எட்ஜ் (சோதனை) வழித்தடம் என நான்கு வழிகள் உள்ளன. இவற்றில் எது அதிக நிலையானது என்று பலரும் கேட்கிறார்கள். நான்கும் ஒரே மூலநிரலிலிருந்து பிறப்பவை என்பதால் அக்கேள்வியால் பெரிய பயனில்லை. நிறுவும்போது கணினியின் ரூட் (முழு நிர்வாக) அதிகாரம் யார் கைக்குப் போகிறது, ஒரு பில்ட் (அன்றன்று உருவாக்கப்படும் பதிப்பு) பழுதானால் முந்தையதற்கு எப்படித் திரும்புவது என்ற இரண்டிலும்தான் உண்மையான வேறுபாடு இருக்கிறது.

மொசில்லா தன் சொந்த ஆப்ட் களஞ்சியத்தை 2023 அக்டோபரில் அறிவித்தது. முதலில் நைட்லிக்கு மட்டும் வழங்கப்பட்ட டெப் பொதிகள் (ஆப்ட் நிறுவும் கோப்புகள்), 2024 ஜனவரியில் வந்த ஃபயர்பாக்ஸ் 122 முதல் நிலையான பதிப்புக்கும் கிடைத்தன. நைட்லி தனிப் பெயர் கொண்ட பொதியாக வருவதால், ஏற்கெனவே உள்ள ஃபயர்பாக்ஸைத் தொடாமல் அதன் பக்கத்திலேயே அமர்ந்துகொள்கிறது. பட்டியலில் இடம், ஐகான், இடைமுக மொழிப் பொதிகள் என எல்லாம் மற்ற மென்பொருள்களைப் போலவே கிடைக்கின்றன. இந்தக் களஞ்சியம் உபுண்டுவின் எந்த வெளியீட்டுப் பெயரோடும் பிணைக்கப்படவில்லை. எனவே இயங்குதளத்தை அடுத்த வெளியீட்டுக்கு உயர்த்தும்போது நிறுத்திவைக்கப்படும் களஞ்சிய வரியை, எந்த மாற்றமுமின்றி மீண்டும் இயக்கினால் போதும்.

ஆனால் மூன்றாம் தரப்புக் களஞ்சியம் ஒன்றைச் சேர்ப்பது என்பது ஒரு மென்பொருளை நிறுவுவது மட்டுமல்ல. டெப் பொதியொன்றை நிறுவும்போது அதற்குள் இருக்கும் நிறுவல் ஸ்கிரிப்டுகள் ரூட்டாக இயங்குகின்றன. களஞ்சியத்தின் டிஜிட்டல் கையொப்பம், பொதி வழியில் மாற்றப்படவில்லை என்பதற்கு மட்டுமே சான்று. அதை அனுப்புகிறவரை நம்பலாமா என்பதை நாமேதான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்க முன்பு ஆப்ட்-கீ கட்டளையால் சேர்க்கப்பட்ட சாவி, கணினியில் உள்ள எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லுபடியானது. இப்போது சாவியைத் தனிக் கோப்பில் வைத்து, 'சைன்டு-பை' என்ற குறிப்பின் மூலம் அந்த ஒரு களஞ்சியத்துடன் மட்டும் பிணைக்கிறோம். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டி ஏதாவது இன்னமும் ஆப்ட்-கீயைப் பயன்படுத்தச் சொன்னால், அந்தப் பக்கத்தை மூடிவிடுவது நல்லது.

ஒரு பொதியை எந்தக் களஞ்சியத்திலிருந்து எடுப்பது என்று ஆப்டுக்குச் சொல்லும், பின்னிங் எனப்படும் முன்னுரிமை அமைப்பில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். மொசில்லாவின் வழிமுறைப்படி, அதன் களஞ்சியத்தில் உள்ள எல்லாப் பொதிகளுக்கும் 1000 என்ற முன்னுரிமை தரப்படுகிறது. இது காரணமின்றிச் சொல்லப்பட்டதல்ல. உபுண்டு 22.04 முதல், 'ஃபயர்பாக்ஸ்' என்ற டெப் பொதி ஸ்னாப்புக்கு வழிகாட்டும் வெற்றுக் கூடாகிவிட்டது. அதன் பதிப்பு எண்ணுக்கு முன்னால் ஈப்பாக் என்ற, முதலில் ஒப்பிடப்படும் எண் ஒன்று இருப்பதால், மொசில்லாவின் எந்தப் பதிப்பைக் காட்டிலும் அதுவே புதியது என்று ஆப்ட் கணக்கிடும். பதிப்பு எண் குறைந்தாலும் மாற்றலாம் என்று ஆப்டுக்கு அனுமதி கொடுப்பது 1000 என்ற எண். நிலையான பதிப்பை டெப்பாகப் பெற விரும்புகிறவருக்கு இது தேவை. நைட்லியின் பொதிப் பெயரே வேறு என்பதால் அதற்கு இது தேவையே இல்லை. நைட்லி மட்டும் வேண்டும் என்று வந்தவர் 1000 என்று எழுதிவைத்தால், அடுத்த மேம்படுத்தலின்போது அவருடைய வழக்கமான ஃபயர்பாக்ஸையும் மாற்ற ஆப்ட் முன்வரும். நான் பரிந்துரைப்பது இதன் தலைகீழான அமைப்பு: அந்தக் களஞ்சியத்தின் எல்லாப் பொதிகளுக்கும் பொதுவாக −1 கொடுத்துத் தடுத்துவிட்டு, 'ஃபயர்பாக்ஸ்-நைட்லி' என்று தொடங்கும் பொதிகளுக்கு மட்டும் 500 கொடுக்க வேண்டும்.

தானியங்கி மேம்படுத்தலைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை தேவை. உபுண்டுவின் 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' வசதி, இயல்பான அமைப்பில், மூன்றாம் தரப்புக் களஞ்சியங்களைத் தொடுவதில்லை. எனவே நாமேதான் மேம்படுத்த வேண்டும். மூன்று வாரம் மேம்படுத்தப்படாத நைட்லி, அந்த இடைவெளியில் வந்த பாதுகாப்புத் திருத்தங்கள் எதையும் பெறாத, சோதனை நிலையிலேயே உறைந்துபோன மென்பொருள்.

பி.பி.ஏ. வழியில் லாஞ்ச்பேடின் சேவையகங்கள் மூலநிரலிலிருந்து ஒவ்வோர் உபுண்டு வெளியீட்டுக்கும் தனித்தனியாகப் பொதிகளை உருவாக்குகின்றன. மொசில்லாவே டெப் தராத காலத்தில் இதற்குப் பெரும் மதிப்பு இருந்தது. இன்று இடையில் இன்னொரு கையை நம்ப வேண்டியிருப்பதைத் தவிர இதில் கூடுதலாக எதுவும் கிடைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. டெபியன் பயனருக்கோ இது பொருந்தவே பொருந்தாது.

டார் கோப்பு பழைய வழிதான், ஆயினும் இரண்டு இடங்களில் மற்ற எல்லாவற்றையும் முந்துகிறது. முதலாவது, வீட்டு அடைவில் விரித்து வைத்தால் ரூட் அதிகாரமே தேவைப்படுவதில்லை. உலாவி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது, அதுவும் பெரும்பாலும் மாறிய பகுதிகளை மட்டும் இறக்கிக்கொள்கிறது. ஆப்ட் வழியிலோ ஒவ்வொரு முறையும் முழுப் பொதியும் இறங்கும் என்பதால், கைப்பேசியின் டேட்டாவில் கணினியை ஓட்டுகிறவர் அந்த வேறுபாட்டை ஒரே வாரத்தில் உணர்வார். இரண்டாவது, மொசில்லாவின் ஆவணக் கிடங்கில் பல ஆண்டுகளின் நைட்லி பில்டுகள் தேதிவாரியாகக் கிடைக்கின்றன. ஒரு பிழை எந்த நாளில் நுழைந்தது என்பதை, இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்துக் கண்டுபிடிக்கும் மொஸ்ரிக்ரெஷன் கருவி இந்தக் கிடங்கை நம்பியே இயங்குகிறது.

இவ்வழியின் குறை உபுண்டு 24.04-இல் வெளிப்பட்டது. சாதாரணப் பயனர் உருவாக்கும் யூசர் நேம்ஸ்பேஸ்களை (நிரலைத் தனிமைப்படுத்தும் லினக்ஸ் வசதி) ஆப்ஆர்மர் என்ற பாதுகாப்பு விதி அமைப்பின் மூலம் அது கட்டுப்படுத்துகிறது. இணையப் பக்கங்களை மற்றவற்றிலிருந்து பிரித்து இயக்கும் ஃபயர்பாக்ஸின் சாண்ட்பாக்ஸ் பாதுகாப்பின் ஒரு பகுதி அவற்றைச் சார்ந்தது. வீட்டு அடைவில் வைத்த டார் பதிப்பு, பாதுகாப்பு குறைந்துள்ளதாக எச்சரிக்கை காட்டும். அதைப் போக்க ஆப்ஆர்மர் விதியொன்றை நாமே எழுத வேண்டும். டெப் பொதி அமரும் அடைவுக்கு உபுண்டுவிலேயே விதி இருப்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

ஸ்னாப்பில் எட்ஜ் வழித்தடத்துக்கு மாறுவதற்கு ஒரே கட்டளை போதும், 'ரிவர்ட்' கட்டளையால் முந்தைய பதிப்புக்குத் திரும்புவதும் எளிது. ஆனால் இயல்பான அமைப்பில் ஒரு ஸ்னாப் ஒரே வழித்தடத்தில்தான் இருக்க முடியும். எட்ஜை ஏற்றால் நிலையான ஃபயர்பாக்ஸ் போய்விடும். நாளெல்லாம் வங்கிக் கணக்கைத் திறக்கும் உலாவியை இப்படி மாற்றிக்கொள்ள நான் துணியமாட்டேன்.

ஆகவே நைட்லியை அன்றாடம் ஓட்ட விரும்புகிறவருக்கு, மேலே சொன்ன இறுக்கமான பின்னிங்குடன் மொசில்லாவின் களஞ்சியமே என் தேர்வு. பிழை தேடுகிறவருக்கும், நிர்வாகி அதிகாரம் இல்லாத அலுவலகக் கணினியில் இருப்பவருக்கும் டார் கோப்பு. எந்த வழியானாலும் ப்ரொஃபைலை (புக்மார்க், கடவுச்சொல், அமைப்புகள் உள்ள அடைவு) தனியாக வைத்திருக்க வேண்டும். ஃபயர்பாக்ஸ் 67 முதல் ஒவ்வொரு நிறுவலுக்கும் தனி ப்ரொஃபைல் தரப்படுகிறது. நைட்லி தொட்ட ப்ரொஃபைலைப் பழைய பதிப்பில் திறக்க முயன்றால், புதிய ஒன்றை உருவாக்கும்படி சொல்லி அப்பதிப்பு நிறுத்திவிடும். நைட்லி வேண்டாம் என்று முடிவெடுக்கும் நாளில் பொதியை நீக்குவதோடு நின்றுவிடாமல், களஞ்சியக் கோப்பு, சாவிக் கோப்பு, முன்னுரிமைக் கோப்பு ஆகிய மூன்றையும் கையால் அழிக்க வேண்டும்; பொதியை நீக்கும் கட்டளை அவற்றைத் தொடாது.