போனிலிருந்து டிவிக்கு: கேஸ்ட்டா, மிராகாஸ்ட்டா, கேபிளா?

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என் அத்தை வீடு. பழைய ஓட்டு வீடு. திண்ணையில் ஏறினால் கொல்லைக் கதவு வரை ஒரே நீளம். ஒரு வருடம் திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையை யூடியூப் நேரலையில் டிவியில் பார்க்க ஆசைப்பட்டு எனக்குப் போன் செய்தார். "தம்பி, டிவி பேரே போன்ல வரமாட்டேங்குதுப்பா." நான் போய்ச் சேர்ந்தபோது பஞ்சரத்னக் கீர்த்தனைகளில் நாட்டை ராகமும் கௌளையும் முடிந்து ஆரபி ஓடிக்கொண்டிருந்தது. சின்னத் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து இந்த விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை.

'டிவியில் போடு' என்று நாம் சொல்வதற்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. எது என்று தெரியாமல் பழுது பார்த்தால் நாள் முழுக்கப் போராட வேண்டியதுதான்.

கேஸ்ட் செய்யும்போது போன் வெறும் ரிமோட். யூடியூப் வீடியோவை டிவியே இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். போன் திரையை அணைக்கலாம், யாருடனாவது பேசலாம், படம் நிற்காது. கூகுள் 2013இல் குரோம்காஸ்ட்டோடு கொண்டுவந்த முறை இது. மிராகாஸ்ட் அதற்கு ஒரு வருடம் மூத்தது. போன் தன் திரையையே வீடியோவாக மாற்றி, வைஃபை டைரக்ட் வழியாக நேராக டிவிக்கு அனுப்பும். ரவுட்டரும் வேண்டாம், இணையமும் வேண்டாம். ஆனால் போன் திரை அணைந்தால் படமும் போய்விடும், வரும் மெசேஜ் எல்லாம் டிவியில் தெரியும், பேட்டரி வேகமாக இறங்கும். இதற்கே ஸ்க்ரீன் மிரரிங், ஸ்மார்ட் வியூ என்று ஒவ்வொரு கம்பெனியும் ஒரு பெயர் வைப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

யூடியூப், ஓடிடி என்றால் யோசிக்காமல் கேஸ்ட். ஓடிடி படங்களை மிரரிங்கில் போட்டால் பல சமயம் சத்தம் மட்டும் வரும், படம் கறுப்பாக இருக்கும். அது பழுது இல்லை. நகல் எடுப்பதைத் தடுக்க வைத்த பூட்டு. மணிக்கணக்கில் அமைப்புகளைத் திருகிப் பயன் இல்லை.

கேஸ்ட்டில் டிவி பெயரே தெரியவில்லை என்றால், போனும் டிவியும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அத்தை வீட்டில் கோளாறு அங்கேதான். கூடத்தில் ஃபைபர் மோடம். தடித்த செங்கல் சுவரைத் தாண்டிச் சிக்னல் வராததால் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் இன்னொரு ரவுட்டர். டிவி முதலாவதில், போன் இரண்டாவதில். இரண்டிலும் இணையம் வருகிறது, ஆனால் ஒன்றிலிருக்கும் கருவி மற்றதன் கண்ணுக்குத் தெரியாது. போனைக் கூடத்து வைஃபைக்கு மாற்றியதும் டிவி பெயர் வந்துவிட்டது. மீதி ஆரபியையும் வராளியையும் ஸ்ரீராகத்தையும் அத்தை நிம்மதியாகக் கேட்டார். மறுநாள் இரண்டாவது ரவுட்டரை, தனி நெட்வொர்க் உருவாக்காமல் முதலாவதையே நீட்டிக்கும் ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றினேன். டெல்டாவின் நீள வீடுகளில் இரண்டு ரவுட்டர் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இதைச் செய்து வைத்துக்கொள்ளலாம்.

அதிலும் சரியாகவில்லை என்றால் போனில் விபிஎன் ஆப் ஓடினால் அணையுங்கள், விருந்தாளிகளுக்கான கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தால் வீட்டு வைஃபைக்கு மாறுங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல், வீட்டு நெட்வொர்க்கில் டிவியைத் தேடும் ஒவ்வொரு ஆப்பும் லோக்கல் நெட்வொர்க் அனுமதி கேட்கும். அவசரத்தில் மறுத்திருந்தால் டிவி தெரியாது.

போனில் எடுத்த காதுகுத்துப் படங்களை, இணையம் இல்லாத வீட்டில் காட்ட வேண்டுமா? அங்கே மிராகாஸ்ட்தான். ரவுட்டர் உள்ள வீட்டில் அது திக்கித் திணறினால் போனை ரவுட்டரிலிருந்து துண்டித்துப் பாருங்கள், வைஃபையை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ரவுட்டர் ஒரு வைஃபை சானலிலும் டிவி இன்னொன்றிலும் இருந்தால் போன் இரண்டுக்கும் மாறி மாறி ஓடிக் களைத்துப் போகும். சில டிவிகளில் மிரரிங் திரையை முதலில் திறந்து வைத்தால்தான் பெயர் வரும். கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் மக்கர் செய்கிறதா? டிவி பிளக்கை ஒரு நிமிடம் பிடுங்கி மாட்டுங்கள்; ரிமோட்டில் அணைப்பது வெறும் தூக்கம்தான். ஐபோனில் மிராகாஸ்ட் கிடையாது, ஆப்பிளின் சொந்த முறையான ஏர்பிளே உள்ள டிவி வேண்டும். கூகுள் பிக்சலிலும் கிடையாது.

கல்யாண மண்டபத்தில் நூறு பேர் முன்னால் ஓட வேண்டிய வீடியோவுக்கு இவை இரண்டையும் நான் நம்பமாட்டேன். எச்டிஎம்ஐ கேபிள்தான். ஆனால் டைப்-சி துளை இருப்பதாலேயே எல்லாப் போனிலும் படம் வராது. விலை குறைந்த பல போன்களில் அந்தத் துளை சார்ஜுக்கும் கோப்பு மாற்றுவதற்கும் மட்டும்தான். சாம்சங் எஸ் வரிசையிலும் ஐபோன் 15 முதலும் வரும். அடாப்டர் வாங்குமுன் உங்கள் மாடலுக்கு, அந்தத் துளை வழியாகப் படம் அனுப்பும் டிஸ்ப்ளேபோர்ட் வசதி உண்டா என்று பார்த்துவிடுங்கள்.

அத்தை வீட்டில் இன்வெர்ட்டர் லைன் விளக்குக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் போயிருந்தது. கரண்ட் போனாலும் நேரலை நிற்கக் கூடாதென்று, மோடத்தையும் டிவியையும் அதில் சேர்க்கச் சொல்லி எலக்ட்ரீஷியனிடம் பேசிவிட்டேன். அடுத்த ஆராதனைக்குள் முடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.