உப்பு நீர் நீச்சல் குளம், நான்கு வருடம்: இறங்க மறுக்கும் பிஎச்

போன வாரம்தான் என் குளத்தின் செல்லை, அதாவது உப்பு நீரிலிருந்து மின்சாரத்தால் குளோரின் உண்டாக்கும் தகட்டுப் பெட்டியை, மாற்றினேன். அதே வாரம் நண்பர் ஒருவர், வீட்டில் உப்பு நீர்க் குளம் போடலாமா என்று கேட்டார். என் குளம் 50,000 லிட்டர், போர்வெல் தண்ணீர், நான்கு வருடப் புழக்கம். அவருக்கு முதலில் சொன்னது: பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையின் அளவு) ஏறிக்கொண்டேதான் இருக்கும், நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்கலாம்.

"உப்பு போட்டால் போதும், கெமிக்கலே வேண்டாம்" என்று சொல்லி விற்கிறார்களே, அதுதான் எரிச்சல். 3,200 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) 160 கிலோ அயோடின் கலக்காத உப்பு, அதன்பின் குறைவதை மட்டும் நிரப்பினால் போதும், அதுவரை சரி. ஆனால் பிஎச்சை இறக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கேன் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். செல்லில் கிளம்பும் ஹைட்ரஜன் குமிழ்கள், தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவையும் கிளப்பிக்கொண்டு போகின்றன. வாயு போனால் பிஎச் ஏறும். அல்கலினிட்டி (தண்ணீரில் உள்ள பைகார்பனேட் போன்ற காரப் பொருள்களின் அளவு) எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாக ஏறும்.

பராமரிப்புக்கு வருபவர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 100 முதல் 120 பிபிஎம் வரை அல்கலினிட்டி வைப்பது டிரைக்ளோர் என்ற குளோரின் மாத்திரை போடும் குளத்துக்கான கணக்கு. அந்த மாத்திரையே அமிலம், அதனால் அங்கே பொருந்தும். உப்புக் குளத்துக்கு 60 முதல் 80 போதும். 80ஐப் பார்த்ததும் பதறிப்போய்ச் சமையல் சோடாவைக் கொட்டினால் மூன்றாம் நாளே பிஎச் 8.2.

அல்கலினிட்டியை இறக்கும் வழி: பம்ப் ஓடும்போது, தண்ணீர் குளத்துக்குள் திரும்பும் வாய்க்கு எதிரே ஆசிட்டை மெல்ல ஊற்றி பிஎச்சை 7.2க்குக் கொண்டுவர வேண்டும். பிறகு அந்த வாயை மேல்நோக்கித் திருப்பி, தண்ணீர் மேற்பரப்பில் கொப்பளிக்கும்படி விட வேண்டும். பிஎச் மட்டும் ஏறும், அல்கலினிட்டி இறங்கியபடியே நிற்கும். ஏறியதும் மறுபடி ஆசிட். இந்த அளவு குளத்தில் 10 பிபிஎம் இறக்க 31 சதவீத ஆசிட் சுமார் ஒரு லிட்டர் பிடிக்கும். ஒரே நாளில் முடிக்கப் பார்க்கக் கூடாது. 70க்கு வந்ததும் வாயைக் கீழே திருப்பிவிட வேண்டும், இதை மறந்தால் பட்ட பாடெல்லாம் வீண். அதன்பின் பிஎச்சை 8.0லிருந்து 7.6க்கு இறக்க 400 மில்லி அளவு போதும்.

ஸ்டெபிலைசரை (சயனூரிக் அமிலம்) 70 பிபிஎம்மில் வைத்தால் வெயிலில் குளோரின் வீணாவது குறையும். செல் குறைந்த நேரம் ஓடும், குமிழும் குறையும்.

பிஎச்சை ஏறவிட்டு அசட்டையாக இருந்தால் அடிபடுவது செல்தான். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல் தகடுகளின் இடுக்கெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு. நான்கு பங்கு தண்ணீரில் ஒரு பங்கு ஆசிட்டை விட்டு (தண்ணீரை ஆசிட்டில் விடவே கூடாது) நுரை அடங்கும்வரை ஊறவைத்தால் கரைந்துவிடும். ஆனால் ஒவ்வொரு கழுவலிலும் டைட்டானியத் தகட்டின் மேல்பூச்சும் கொஞ்சம் போகிறது. மாதாமாதம் கழுவ வேண்டி வந்தால் கோளாறு தண்ணீரில் இருக்கிறது.

ஐப்பசி மழையில் குளம் நிரம்பி வழிந்தால் உப்பு, அல்கலினிட்டி எல்லாமே நீர்த்துப்போகும். அளந்து பார்க்காமல் எதையும் சேர்க்க வேண்டாம்.

கண் எரியாது, தோல் வறளாது, மணிக்கணக்கில் நீந்தலாம்; இந்தத் தண்ணீரின் சுகம் மாத்திரைக் குளத்தில் கிடையாது. ஆனாலும் போர்வெல் தண்ணீரை ஊற்ற ஊற்ற அல்கலினிட்டியும் கூடவே ஏறக்கூடும் என்பதால், அதை மட்டுமே நம்பியிருக்கும் நண்பருக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். என் குளத்தில் புது செல் அதன் முழுத் திறனில் 45 சதவீதத்தில் ஓடுகிறது. இன்று காலை பிஎச் 7.7.