சிங்கப்பூர் – நியூயார்க்: நேரடி விமானமா, பிராங்க்பர்ட் வழியா?

சாங்கியிலிருந்து ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் வரை நேர்வான்வழித் தூரம் சுமார் 15,300 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2020 நவம்பர் முதல் இத்தடத்தில் இடைநிற்காத சேவையை நடத்துகிறது; இப்போது அதற்கு ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் என்ற, மிக நீண்ட தூரம் பறக்கும் விமானத்தை இயக்குகிறது. பயணம் ஏறத்தாழ பதினெட்டரை மணி நேரம்.

பிராங்க்பர்ட் வழியாகப் போனால் தூரம் சுமார் 16,500 கிலோமீட்டர். கூடுதல் தூரம் ஆயிரத்துச் சொச்சம்தான். ஆனால் பயணம் ஒரு நாளையே விழுங்கிவிடுகிறது. விமானம் தரையிறங்க, பயணிகள் கைப்பையோடு இறங்கிப் பாதுகாப்புச் சோதனை முடித்து மறுபடி ஏற, அதற்கே இரண்டு மணி நேரம் ஓடிவிடும். மேலும், அட்லாண்டிக்கை மேற்கு நோக்கிக் கடக்கையில் மேற்கிலிருந்து வீசும் மேலைக்காற்று எதிர்க்காற்றாகி வேகத்தைக் குறைக்கும். நேரடி விமானமோ பெரும்பாலும் பசிபிக் பக்கமாகப் பறந்து, அதே மேலைக்காற்றைத் துணையாக்கிக்கொள்கிறது.

அப்படியானால் நேரடி விமானமே மேல் என்று சொல்லிவிடலாமா? அதில் எகானமி வகுப்பே கிடையாது. மொத்தமே 161 இருக்கைகள்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. அத்தனை தூரத்துக்கு எரிபொருளைச் சுமக்க வேண்டியிருப்பதால் எடையை இப்படிக் கட்டுப்படுத்துகிறார்கள். சாதாரண இருக்கை வேண்டுவோருக்கு பிராங்க்பர்ட் தடம்தான் வழி.

கால்வீக்கம் வருபவர்களும் சிறு குழந்தைகளோடு செல்பவர்களும் பிராங்க்பர்ட் வழியாகவே போகலாம் என்பேன். நடுவில் கொஞ்சம் நடக்கக் கிடைப்பது உடம்புக்கு மிகவும் நல்லது. தனியாக, வேலை நிமித்தம் போகிறவர்கள் நேரடி விமானத்தையே எடுக்கட்டும். ஐந்தாறு மணி நேரம் மிச்சமாகும்.