தரங்கம்பாடிக் கரையில் நீரோட்டம் அளக்க: ரேடாரா, மாடிக் கேமராவா, டிரோனா?

தரங்கம்பாடியில் கருங்கல் கொட்டிய கரைக்கு முன்னால், முதல் 300 மீட்டருக்குள் தண்ணீர் எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று அளக்க வேண்டியிருந்தது. மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோன ஊர் இது. மணல் எங்கே போகிறது என்ற கேள்வி எங்களுக்குச் சும்மா வந்ததல்ல. கடலுக்குள் கருவியை இறக்கினால் வலையில் மாட்டும். அதனால் தொலைவிலிருந்தே அளக்கும் வழிகளைப் பார்த்தோம்.

செயற்கைக்கோளை உடனே ஒதுக்கிவிட்டோம். சென்டினல்-2 ஒரே இடத்துக்கு 5 நாளுக்கு ஒருமுறைதான் வரும், மேகம் இருந்தால் அதுவும் இல்லை.

உயர் அதிர்வெண் ரேடார் ஆழ்கடலுக்கு அருமையானது. 5 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் 60 மீட்டர். கடலில் அதில் பாதி, அதாவது 30 மீட்டர் நீளமுள்ள அலைகள் அதைப் பலமாகத் திருப்பி அனுப்பும். இரவு பகல் பார்க்காது. ஆனால் ஒரு நிலையம் தன்னை நோக்கி வரும், விலகிப் போகும் வேகத்தை மட்டுமே சொல்லும். திசை தெரிய இரண்டு வேண்டும். தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நிறுவிய ஜோடி கல்பாக்கத்திலும் கடலூரிலும் இருக்கிறது. நம் கரையிலிருந்து பார்த்தால் இரண்டும் வடக்கே ஏறக்குறைய ஒரே கோட்டில் வரும், அதனால் திசை சரியாகப் பிரியாது. அதோடு அதன் ஒரு கட்டமே சில கிலோமீட்டர் அகலம். எங்கள் 300 மீட்டர் அதற்குள் காணாமல் போய்விடும்.

அலைகள் நகர்வதைப் படமெடுத்து, அதிலிருந்து நீரோட்டத்தைக் கணக்கிடுவது அடுத்த வழி. அதற்கு மாடிக் கேமராவை நாங்களே வைத்துப் பார்த்தோம். டெல்டாக் கரை முழுக்கத் தட்டை. குன்றும் இல்லை, பாறை முனையும் இல்லை. இரண்டு மாடி உயரத்திலிருந்து பார்த்தால் தூரத்து அலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தெரியும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உப்புக்காற்றைத்தான் சமாளிக்க முடியவில்லை. லென்ஸை ஒருநாள் விட்டு ஒருநாள் துடைக்க வேண்டும், துடைக்காத வாரத்துப் படம் எதற்கும் ஆகாது. நான்காவது மாதம் திருகாணிகள் துருப்பிடித்துக் கேமரா சாய்ந்தது. சாய்ந்தால் அளவெல்லாம் முதலிலிருந்து. கரையில் நிரந்தரமாக நிற்கும் எதற்கும் இந்தச் செலவு உண்டு. வாங்கும் விலையைவிட இதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும்.

அப்புறம்தான் டிரோன். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துப் பைக்குள் வைத்துவிடலாம். உப்பு தின்ன அங்கே எதுவும் நிற்பதில்லை. முன் அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கக்கூடிய பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரை ஏறலாம் என்பதால் உயரக் கவலையும் போயிற்று. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் மண்டலத்தை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கரையில் சுண்ணாம்பு அடித்த நாலு கல்லை வைத்து, கேமராவை நேர்கீழே பார்க்கவைத்துச் சில நிமிடம் படமெடுக்கிறோம். காற்றில் டிரோன் நகர்ந்தாலும் அந்தக் கற்களை வைத்துத் திருத்திவிடலாம்.

கணக்கு எளிது. 5 மீட்டர் நீள அலை, ஓட்டமில்லாத நீரில் நொடிக்குச் சுமார் 2.8 மீட்டர் போகும். படத்தில் அது 3.3 போனால், மிச்சம் நொடிக்கு அரை மீட்டர். அதுதான் அலை போகும் திசையில் நீரோட்டத்தின் வேகம். நீளமான அலைகளை எடுக்காதீர்கள். அவற்றின் வேகத்தில் ஆழமும் கலந்துவிடும். குட்டி அலைகள் சொல்வது மேல்நீரை மட்டும்தான். அலை உடையும் இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது, அங்கே நுரை நகர்வதைத்தான் பின்தொடர வேண்டும்.

பேட்டரி அரை மணி நேரம்கூட நிற்காது, இரவில் வேலை இல்லை. நாங்கள் பறக்கவிட்டதெல்லாம் தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றுக் காலத்தில். ஐப்பசி, கார்த்திகை வாடையில் பறக்கவிட்டதில்லை, அதைப் பற்றி உறுதி சொல்ல மாட்டேன். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் பழைய கேமராவைத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணி போட்டு மாடியில் திரும்ப ஏற்றப் போகிறோம். துடைக்க முறை போட்டாகிவிட்டது.