பாத்திரக் குறிப்பேடு: பின்பக்கத்துக்காக வாங்கலாம்

கதை எழுதுகிறவர்களுக்கென்றே அச்சிட்ட குறிப்பேடுகள் இப்போது பல கிடைக்கின்றன. ஒரு கதாபாத்திரத்துக்கு ஆறு பக்கம், பக்கம் முழுக்கக் கேள்விகள், பதிலை நாம் நிரப்ப வேண்டும். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் ஜனவரியில் நடந்த புத்தகக் காட்சியில் அப்படி ஒன்றை 350 ரூபாய் கொடுத்து வாங்கினேன். குறைகளையும் சொல்லப்போவதால் வெளியிட்டவர்களின் பெயரை விட்டுவிடுகிறேன். இதே அமைப்பில் வரும் மற்றக் குறிப்பேடுகளுக்கும் நான் சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. அதனால் என் கை முதலில் தாளுக்கும் கட்டுக்கும்தான் போனது. தாள் கனமான நேச்சுரல் ஷேட், அதாவது பளிச்வெள்ளை இல்லாமல் லேசான மஞ்சள் சாயல் கொண்டது, மைப்பேனாவில் எழுதினாலும் மறுபக்கம் ஊறவில்லை. எழுத்துப் பிழைகள் மிகக் குறைவு. இந்த இரண்டுக்கும் தாராளமாகப் பாராட்டலாம். கட்டுதான் மோசம். தைக்காமல் வெறும் பசையில் ஒட்டியிருக்கிறார்கள். படித்துவிட்டு மூடி வைக்கிற புத்தகத்துக்குப் பசைக்கட்டு தாங்கும். விரித்து அழுத்தி எழுதுகிற நோட்டுக்கு ஆகாது. என் பிரதியில் நடுப்பக்கங்கள் இப்போதே கழன்று வருகின்றன.

இனி உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். முதல் நான்கு பக்கமும் பாத்திரத்தின் விவரங்கள்: பெயர், வயது, உயரம், ராசி, பிடித்த நிறம், பிடித்த உணவு, சிறுவயதில் பட்ட மனக்காயம். தாய்க்கு ஒரு கட்டம், தந்தைக்கு ஒரு கட்டம். உறவு எப்படி என்பதற்கு ‘நல்லது, சுமார், மோசம்’ என்ற மூன்றில் ஒன்றை டிக் செய்ய வேண்டும். இவற்றை நிரப்பிவிட்டால் வாசகர் மறக்க முடியாத, தன்னையே காண்கிற பாத்திரம் பிறந்துவிடும் என்று முன்னுரை உறுதி சொல்கிறது.

பிறக்கவில்லை. மேற்கு மாம்பலத்தில் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் பாக்கியம் என்ற பெண்ணை வைத்து ஒரு கதை என் மனத்தில் இருந்தது. நான்கு பக்கமும் நிரம்பிய பிறகு கையில் இருந்தது ரேஷன் கார்டு விண்ணப்பம் போன்ற ஒன்று. வயது 52, கன்னி ராசி, பச்சை நிறம், கருவாட்டுக் குழம்பு. பாக்கியம் அதில் எங்கும் இல்லை.

தமிழில் நிலைத்துவிட்ட ஒரு பாத்திரத்தை இந்தக் கட்டங்களுக்குள் உட்காரவைத்துப் பார்த்தால் காரணம் புரியும். புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ சிறுகதை, சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முனையில் தொடங்குகிறது. பிள்ளை அங்கே ஓரமாக நின்று யோசிக்கிறார். டிராமில் போனால் மிஞ்சும் காசுக்கு வெற்றிலை போடலாம். பஸ்ஸில் ஏறி, சென்ட்ரலைத் தாண்டும்வரை கண்டக்டரை ஏமாற்றிவிட்டு, அதன்பிறகு திருவல்லிக்கேணிக்கு டிக்கெட் வாங்கினால் அரைக் கப் காபிக்கு வழியுண்டு, ஆனால் வெற்றிலை கிடையாது. அவருடைய ராசி எது, பிடித்த நிறம் எது என்று யாருக்கு வேண்டும்? ஆளின் வரும்படி, சபலம், சாமர்த்தியம், நாணயம் எதுவரை போகும் என்பது, எல்லாம் அந்தக் காலணாக் கணக்கில் வந்துவிட்டன. பிறகு கடவுளே எதிரில் வந்து நிற்கும்போது அவரிடமும் தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கிறார் என்றால் நாம் சிரித்துக்கொண்டே நம்பிவிடுகிறோம். சென்னையில் டிராம் 1953-இல் நின்றுபோனது. ஆனாலும் மாதக் கடைசியில் பஸ்ஸா ஷேர் ஆட்டோவா என்று தெருமுனையில் தயங்கி நின்ற எவருக்கும் பிள்ளை சொந்தக்காரர்தான். வாசகர் தன்னைக் காண்பது இப்படிப்பட்ட இடத்தில்.

தாய்க்கான அந்தக் கட்டம்தான் எனக்கு அதிகக் கோபமூட்டியது. ஜெயகாந்தனின் ‘அக்னிப் பிரவேசம்’ சிறுகதை 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது. மழையில் முன்பின் தெரியாதவனின் காரில் ஏறி அவனிடம் தன்னை இழந்த கல்லூரிப் பெண், நடந்ததை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா அவள் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள், நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள், விஷயத்தை அதோடு முடித்துவிடுகிறாள். வாசகர்களிடையே பெரும் சர்ச்சை எழுந்தது. அந்த அம்மா அப்படிச் செய்யாமல் கத்திக் கூப்பாடு போட்டு எல்லோருக்கும் தெரியவைத்திருந்தால் அந்தப் பெண் என்ன ஆகியிருப்பாள் என்பதுதான் பிறகு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலாக விரிந்தது. 1972-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. அதே ஏழைத் தாய், அதே மகள், அதே மழை. தாயின் கை தண்ணீர்ச் சொம்புக்குப் போகிறதா, குரல் உயர்கிறதா என்ற ஒன்றில் மகளின் வாழ்க்கை இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. இந்தத் தாய்க்கு எதை டிக் செய்வது? நல்லதா, சுமாரா?

‘தட்டையான பாத்திரமா, முழுமையான பாத்திரமா’ என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. ஒரே குணத்தில் அடங்கிவிடுகிறவர் தட்டை, நம்மை வியக்கவைக்கிற மாதிரியும் நடந்துகொள்ளக்கூடியவர் முழுமை. தட்டை என்று டிக் செய்தால், திருத்தி எழுதுங்கள் என்று கீழே சிறிய எழுத்தில் அறிவுரை. இந்தப் பிரிவினையை 1927-இல் முன்வைத்த ஆங்கில நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டர் தட்டையைக் குற்றமாகச் சொல்லவில்லை. அப்படிப்பட்டவர்கள் சட்டென்று அடையாளம் தெரிவார்கள், எளிதில் நினைவிலும் நிற்பார்கள் என்று அதன் பயனையும் சேர்த்தே சொன்னார். கதையில் இரண்டே முறை வந்துபோகிற பால்காரருக்கு மனக்காயம் எதற்கு?

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தக் குறிப்பேட்டை நான் தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு பாத்திரத்தின் கடைசி இரண்டு பக்கம்தான் காரணம். ‘கூடுதல்’ என்று ஏதோ போனால் போகிறது என்பதுபோலத் தலைப்பு வைத்திருக்கிறார்கள். யாரிடம், எதைப் பற்றிப் பொய் சொல்வார்? எந்த உதவியை வாய்விட்டுக் கேட்க மாட்டார்? யார் வந்தால் எழுந்து நிற்பார்?

பொய் பற்றிய கேள்வியில் பாக்கியம் அசைந்தாள். மூட்டை கொடுக்கும் எல்லா வீட்டாரிடமும், உங்கள் துணியைத்தான் காலையில் முதலில் எடுத்தேன் என்று சொல்கிறவள் அவள். அது தொழில் பொய், யாரும் எழுதலாம். ஆனால் வண்டிக்கு எதிர்வீட்டில் மட்டும் பொய் திரும்பிக்கொள்கிறது. துணியில் தெளிக்கவும் குடிக்கவும் அந்த வீட்டுக் குழாயில்தான் அவள் தண்ணீர் பிடிக்கிறாள். கரி கனிந்து பெட்டி சூடேறியதும் உண்மையிலேயே முதலில் தேய்ப்பது அவர்கள் துணியைத்தான். தேய்த்து மடித்து, பழைய வேட்டியில் சுற்றி, அடுக்கின் அடியில் ஒளித்து வைக்கிறாள். மாலையில் கடைசியாகக் கொண்டுபோய்க் கொடுத்து, இப்போதுதான் நேரம் கிடைத்தது என்கிறாள். தண்ணீருக்காகச் செய்கிறாள் என்று அவர்கள் நினைத்துவிடக் கூடாது. இதை எழுதியதும் அவள் குரல் எனக்குக் கேட்டது. குடத்தை எந்த இடுப்பில் வைப்பாள் என்பதுகூடத் தெரிந்தது. கதை அன்றிரவே ஓடத் தொடங்கியது.

இந்தப் பக்கங்கள் இன்னும் நிறைய இருந்திருக்கலாம். இந்த ஊர் மனிதர்களை எழுத வேறு கேள்விகளும் வேண்டும்: தெருவில் தண்ணீர் லாரி நின்றால் வீட்டில் யார் குடத்தோடு ஓடுவது, வீட்டு அட்வான்ஸுக்கு யாரிடம் கை நீட்டினார், எந்த உறவினரின் போனை அடிக்கவிட்டு எடுக்காமல் இருப்பார்.

முதல் கதை எழுத உட்காருகிறவர்கள் வாங்கலாம். முன்பக்கங்களைக் காலியாக விட்டு நேராகக் கடைசி இரண்டு பக்கத்துக்குப் போங்கள். கதை ஓடத் தொடங்கிய பிறகு வயதும் உயரமும் தேவைப்பட்டால் எழுதிக்கொள்ளலாம். ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு 350 ரூபாய் அதிகம், ஒரு சாதாரண நீள நோட்டே போதும். வாங்கிவிட்டவர்கள் பக்கங்கள் உதிர்வதற்குள் பைண்டிங் கடையில் கொடுத்துத் தைத்துவிடுங்கள்.