வேலூர் லாங் பஜாருக்கு ஒரு லென்ஸ்: கேனன் இஎஃப் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்டிஎம்

கேமராவோடு வரும் கிட் லென்ஸுக்கு அடுத்து ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், இதை வாங்குங்கள். 2015இல் வந்தது. எடை சுமார் 160 கிராம், கேமராவில் மாட்டும் மவுண்ட் உலோகம், ஃபில்டர் 49 மி.மீ. பழைய மாடலில் 45 செ.மீ.க்கு உள்ளே ஃபோகஸ் ஆகாது. இதில் 35 செ.மீ. வரை நெருங்கலாம். பூக்கடைச் சரங்களை எடுக்க அதுவே பெரிய வசதி.

சிறிய சென்சார் உள்ள ஏபிஎஸ்-சி பாடியில் இது, ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 80 மி.மீ. லென்ஸ் தருவது போன்ற குறுகிய பார்வை தரும். நிற்கும் ஆளை முழுசாக எடுக்க, கேமராவை நிமிர்த்திப் பிடித்தாலும் நாலரை மீட்டர் பின்னால் போக வேண்டும். லாங் பஜார் நெரிசலில் அதற்கு இடமில்லை. அங்கே முகம், கை, தராசு என்று எடுங்கள், அழகாக வரும்.

லென்ஸ் துவாரம் முழுக்கத் திறக்கும் எஃப்/1.8இல் ஒரு மீட்டர் தூரத்தில் தெளிவாக விழுவது இரண்டரை செ.மீ. ஆழம்தான். மூக்கு தெளிந்து கண் மங்குவது இதனால்தான். ஒற்றைப் புள்ளி ஃபோகஸைக் கண்ணில் வைத்து, துவாரத்தை எஃப்/2.8க்குச் சுருக்குங்கள். கோட்டை மதில் விளிம்பில் வெயில் வானத்தை எதிர்த்து எடுத்தால் ஊதாக் கோடு விழும். எஃப்/4க்குப் போனால் பெருமளவு அடங்கும். அகழி, மதில் காட்சிகளுக்கு எஃப்/5.6 அருமை.

அதிர்வுத் தடுப்பு கிடையாது. மாலையில் ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் கீழே போகாமல், ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றுங்கள். படத்தில் கொஞ்சம் நாய்ஸ் (புள்ளிப் புள்ளியான இரைச்சல்) வந்தால் வரட்டும், ஆடிய படத்தைத் திருத்த முடியாது.

ஃபோகஸ் செய்யும்போது முன்குழல் வெளியே நீளும். அதில் அடிபட்டால் மோட்டார் பழுதாகும். லென்ஸ் முன்னால் மாட்டும் ஹூட் போட்டே வையுங்கள். பையில் வைக்குமுன் ஃபோகஸைத் தொலைவுக்குக் கொண்டுபோய்க் குழலை உள்ளே இழுத்த பிறகே கேமராவை அணையுங்கள்.