நம்பச் சொல்லாத பாமசி

மருந்து வாங்குபவருக்குத் தான் வாங்கும் பொருளைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கலாம், அரிசியில் நாலு மணியை வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கலாம்; ஒரு வெள்ளைக் குளிசையிடம் அப்படி எதையும் கேட்டறிய முடியாது. அதற்குள் உரிய மருந்து உரிய அளவில் இருக்கிறதா, அது வெயிலில் கிடந்து வந்ததா, காலாவதியாக எத்தனை மாதம் இருக்கிறது என்பதெல்லாம் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. மற்ற வியாபாரங்களில் நேர்மை என்பது கடைக்காரரின் நற்குணம். பாமசியில் நாம் காசு கொடுத்து வாங்கும் பொருளின் பாதியே அதுதான்.

இந்த மதிப்பீடு மட்டக்களப்பு நகரில், போதனா வைத்தியசாலையின் சுற்றுவட்டத்தில் இயங்கும் ஒரு சிறிய தனியார் பாமசியைப் பற்றியது. எங்கள் வீட்டில் சீனி வருத்தத்துக்கும் பிறசருக்கும் மாதாமாதம் மருந்து எடுக்கும் இருவருக்கு, கிளினிக்கில் கிடைக்காதவற்றை அங்கேதான் வாங்குகிறோம். உரிமையாளர் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் குளிசை அட்டை. முழு அட்டை வாங்க வசதியில்லாதவர்கள் நாலு, ஆறு என்று வெட்டி வாங்குவது நம் ஊரில் சாதாரணம். காலாவதித் திகதியும், அந்தக் குளிசை எந்தத் தயாரிப்புத் தொகுதியில் வந்தது என்று காட்டும் தொகுதி இலக்கமும் பெரும்பாலும் அட்டையின் ஒரு ஓரத்தில் மட்டுமே அச்சிடப்பட்டிருக்கும். வெட்டும்போது அந்த ஓரம் கடையில் தங்கினால் வாங்கியவரிடம் திகதி இருக்காது. அந்த ஓரம் முதலில் விலைப்பட்டால் மிச்சத்துக்கு என்ன திகதி என்று கடைக்காரருக்கே தெரியாது. இந்தப் பாமசியில் எப்போதும் திகதி இல்லாத பக்கத்திலிருந்தே வெட்டுகிறார்கள். வெட்டிய துண்டைப் போட்டுத் தரும் காகித உறையில் மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை என்பவற்றோடு தொகுதி இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் பேனையால் எழுதுகிறார்கள். பெரிய போத்தலிலிருந்து எண்ணிக் கொடுக்கும் குளிசைகளுக்கும் இதே முறைதான். அவற்றைத் தட்டில் கொட்டி, தட்டையான கரண்டியால் ஐந்தைந்தாக ஒதுக்கி எண்ணுகிறார்கள், விரல் படுவதில்லை. கையெழுத்து அழகென்று சொல்ல மாட்டேன், ஆனால் வாசிக்க முடிகிறது. இதற்கு ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் கூடுதல் நேரம் செலவாகிறது, அந்த நேரத்துக்கு யாரும் தனியே காசு கொடுப்பதில்லை.

அடுத்தது மருந்தின் பெயர் விவகாரம். மெற்போமின் என்ற ஒரே சீனி வருத்த மருந்து பல நிறுவனங்களின் வர்த்தகப் பெயர்களில், பல விலைகளில் வருகிறது. தனியாகக் காசு கட்டிக் காட்டும் சனலில் வைத்தியர் ஒரு வர்த்தகப் பெயரை எழுதிக் கொடுப்பார். அரசாங்கக் கிளினிக்கில் பொதுப்பெயரில், அதாவது நிறுவனப் பெயரில்லாமல் மருந்தின் சொந்தப் பெயரில், அதே மருந்து கிடைக்கும். வீட்டில் இரண்டும் இரண்டு உறைகளில் இருக்கும். கண் மங்கிய முதியவர் இரண்டையும் வெவ்வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்துக் குடிப்பது இங்கே நடக்கிற காரியம். ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற ஆரையம்பதி அம்மா ஒருவரின் கிளினிக் கொப்பியையும் சனல் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மருந்தாளர், “அம்மா, இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒரே மருந்துதான். வீட்டில இருக்கிறது முடியட்டும், பிறகு வந்து எடுங்க. ரெண்டையும் சேர்த்துக் குடிச்சிடாதீங்க” என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பினார். அந்த அம்மா துண்டை நீட்டியபடி காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்தக் காசை வாங்கிப் போடுவதற்கு எந்தச் சட்டமும் தடையாக இருந்திருக்காது.

பொதுப்பெயரில் மருந்து எழுதவும் வாங்கவும் வேண்டும் என்ற கருத்து நமக்குப் புதியதல்ல. பேராசிரியர் சேனக பிபிலேயும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் முன்வைத்த கொள்கையின் அடிப்படையில் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானபோது, தேவையான மருந்துகளை மட்டும் மொத்தமாக, பொதுப்பெயரில், விலைமனுக் கோரி வாங்குவது என்பதே அதன் மையமாக இருந்தது. வளர்ந்துவரும் நாடுகள் பலவற்றுக்கு அது முன்மாதிரியாயிற்று. 1980 ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபை அமைக்கப்பட்டது, 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு ஆகக்கூடிய சில்லறை விலை விதிக்கப்பட்டது. ஆனால் கொள்கை கொழும்பில் வர்த்தமானியில் இருக்கிறது. கடை மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு அது வந்து சேருவதும் சேராததும் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவரின் கையில் இருக்கிறது.

அந்தக் கை எந்தப் பக்கம் இழுக்கப்படும் என்பதையும் சொல்ல வேண்டும். விலை கூடிய வர்த்தகப் பெயரை விற்றால் கடைக்குக் கிடைக்கும் இலாபத் தொகை கூடும். சில நிறுவனங்கள் வாங்கும் அளவுக்கேற்ப மேலதிகப் பொதிகளைப் போனஸாகத் தருவதும் இத்தொழிலில் உள்ள வழக்கம். அந்த மருந்தைத் தள்ளிவிடும் ஆசை எவருக்கும் வரும். இப்பாமசியில் ஒரே மருந்துக்கு இரண்டு மூன்று தயாரிப்புகள் இருந்தால் மூன்றின் விலையையும் கேட்காமலே சொல்கிறார்கள், நாட்டின் பெயரையும் சொல்கிறார்கள், பிறகு வாயை மூடிக்கொள்கிறார்கள். “இதுதான் நல்லது” என்ற வார்த்தையை அங்கே நான் கேட்டதில்லை. பற்றுச்சீட்டைக் கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் உள்ள கடப்பாடு. இங்கே கேட்காமலே வருகிறது. ஒவ்வொரு மருந்தும் தனித்தனி வரியில், ஒரு குளிசையின் விலையோடு இருக்கும். மொத்தத் தொகையை மட்டும் துண்டுக் கடதாசியில் கிறுக்கித் தரும் கடைகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும்.

இன்சுலின் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது குளிர்சாதனப் பெட்டி. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் வீரியம் குறையும், உறைந்துவிட்டால் வீசவே வேண்டும். இரண்டும் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கக்கூடியவை. இங்கே பெட்டியின் கண்ணாடிக் கதவு வழியே வெப்பமானியை வெளியிலிருந்து பார்க்கலாம், காலையும் மாலையும் குறித்த அளவுகள் எழுதிய தாள் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டு வந்த காலத்தில், இன்சுலினை அளவாக மட்டும் எடுத்து வைத்து, வாடிக்கையாகப் பாவிப்பவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லி, வந்த அன்றே கொடுத்து முடித்தார்கள். கையிருப்புக் குறைந்தால் விற்பனையும் குறையும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல. கொண்டுபோகும்போது ஐஸ் கட்டி மருந்தில் நேரே படாதபடி பத்திரிகைத் தாளில் சுற்றிப் பொலித்தீன் பையில் போட்டுத் தருகிறார்கள். வாகரைப் பக்கம் பஸ்ஸில் போகிறவருக்கு அந்தத் தாள் பெரிய காரியம்.

இனி, கொடுக்க மறுப்பது. வைத்தியர் எழுதிய துண்டு இல்லாமல் அமொக்சிசிலின் என்ற அன்டிபயோடிக் நாலு குளிசை கேட்டு வருகிறவர்களை இங்கே திருப்பி அனுப்புகிறார்கள். மாரி மழைக்குப் பின் டெங்கு பரவும் மாதங்களில், காய்ச்சலோடு உடம்பு வலிக்கு டைக்குளோபெனக் கேட்பவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. இரத்தக் கசிவு அபாயத்தை விளக்கி, பரசிற்றமோலை மட்டும் கொடுத்து, இரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்கிறார்கள். சிலர் ஏசிவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள், அடுத்த கடையில் கிடைத்தும் விடுகிறது. ஒழுக்கமாக நடப்பவருக்குச் சந்தை உடனடியாகத் தரும் கூலி பெரும்பாலும் நட்டம்தான் என்பதை ஒப்புக்கொள்ளாமல் வியாபார ஒழுக்கத்தைப் பற்றி எழுதுவதில் பயனில்லை. ஆனால் பாமசியின் வருமானம் ஒருநாள் காய்ச்சல்காரரால் ஓடுவதல்ல. வாழ்நாள் முழுக்க மருந்து எடுக்கும் சீனி, பிறசர், ஆஸ்துமாக்காரர்களால் ஓடுவது. அவர்கள் வருடக்கணக்கில் திரும்பி வருகிறார்கள், தங்கள் தெருவையும் கூட்டி வருகிறார்கள். காலை வேளையில் இக்கடையின் வாசலில் நிற்கும் கூட்டத்தில் காத்தான்குடியிலிருந்தும் களுவாஞ்சிக்குடியிலிருந்தும் வழியில் வேறு பாமசிகளைத் தாண்டி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

பெரிய நிறுவனங்களுக்கும் கணக்கு இப்படித்தான் வருகிறது, ஆனால் தாமதமாக. இந்தியாவின் மிகப் பெரிய மருந்து நிறுவனங்களில் ஒன்றாக இருந்த ரன்பக்சியின் அமெரிக்கக் கிளை, தரக்குறைவான மருந்துகளை விற்றதையும் அதிகாரிகளுக்குப் பொய்த் தகவல்கள் கொடுத்ததையும் 2013 மே மாதம் ஒப்புக்கொண்டு, 50 கோடி அமெரிக்க டொலர் செலுத்த இணங்கியது. 2015 இல் ரன்பக்சியே வேறொரு நிறுவனத்துக்குள் கரைந்தது. குற்றத்தை வெளிக்கொண்டு வந்தவர் அதே நிறுவனத்தில் வேலை செய்த தினேஷ் தாகூர். தண்டம் நிறுவனத்தோடு போயிற்று, சந்தேகம் போகவில்லை. இன்றும் நம்மவர்கள் விலை குறைந்த குளிசையைக் கண்டால் “இது வேலை செய்யாது” என்று ஒதுக்கி, கடன்பட்டாவது விலை கூடியதை வாங்குகிறார்கள். ஒழுங்காகத் தயாரிக்கும் எத்தனையோ நிறுவனங்களின் நல்ல மருந்தும் அந்தச் சந்தேகத்தில் அடிபடுகிறது. தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து அரச வைத்தியசாலைகளுக்கு வந்த விவகாரத்தில், அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவரே 2024 பெப்ரவரியில் கைதான பின்னர் இந்த அச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடவும் முடியாது. இப்படியான காலத்தில் “எங்களை நம்புங்கள்” என்று சொல்வதால் எதுவும் ஆகாது. இந்தப் பாமசி அதைச் சொல்வதில்லை. உறையில் எழுதிய இலக்கத்தையும் வெப்பமானியையும் பற்றுச்சீட்டையும் நம் கண்ணுக்கு எட்டுமிடத்தில் வைத்துவிடுகிறது. உரிமையாளர் நல்லவரா என்று நான் ஆராயத் தேவையில்லாமல் இருப்பதே இங்கே எனக்குப் பிடித்த விடயம்.

குறைகளும் உண்டு. மருந்தாளர் ஒருவரே, அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் நேரத்தில் துண்டுக்கு மருந்து கொடுப்பதில்லை. இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்றவரின் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, ஆள் எங்கோ இருக்கும் பாமசிகள் நாட்டில் இருக்கும்போது இது சரியான நடைமுறைதான். ஆனால் அந்த நேரத்தை வாசலில் எழுதிப் போட்டால் வெயிலில் வந்து நிற்பவர்கள் மிச்சப்படுவார்கள். இருக்க இரண்டே ஸ்டூல், வங்கி அட்டையில் பணம் கட்ட வசதியில்லை. மேசை ஒடுக்கமாக இருப்பதால் ஒருவரின் வருத்தத்தைப் பற்றி மருந்தாளர் விளக்குவது வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கிறது. பெண்கள் சிலர் கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்புவதைக் கண்டிருக்கிறேன். இது வசதிக் குறைவாக மட்டும் பார்க்கக்கூடியதல்ல, நோயாளியின் அந்தரங்கத்தைக் காப்பதும் இத்தொழிலின் கடமை.

எனக்குப் பெரிய உறுத்தல் மேசைக்கு முன்னால் உள்ள தட்டு. பிள்ளைகள் உயரமாக வளரும் என்று சொல்லும் சத்துமாப் பேணிகள், நிறத்தைக் கூட்டும் என்று சொல்லும் கிரீம்கள், சக்தி தரும் என்று சொல்லும் டொனிக்குகள் எல்லாம் அங்கே பிள்ளைகளின் கண்மட்டத்தில் அடுக்கியிருக்கின்றன. உள்ளே ஒரு குளிசைக்கு மூன்று விலையும் சொல்லி வாயை மூடிக்கொள்ளும் அதே ஆட்கள், வெளியே அந்தப் பேணிகளின் வாயை மூடவில்லை. பாமசிக்குள் இருப்பதாலேயே அவற்றுக்கு மருந்தின் மரியாதை கிடைத்துவிடுகிறது. இதைப் பற்றி ஒருமுறை கேட்டபோது, கடை வாடகையில் பெரும்பங்கை அந்தத் தட்டுத்தான் கட்டுகிறது என்று உரிமையாளர் மறைக்காமல் சொன்னார். பதில் நேர்மையானது, தட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது.

புதிதாகப் போகிறவர்கள் கிளினிக் கொப்பி, சனல் துண்டு, வீட்டில் மிச்சமிருக்கும் மருந்துகளின் உறைகள் மூன்றையும் கொண்டுபோங்கள். காலை கிளினிக் கலையும் நேரத்துக்கு முன்னர் போனால் ஆறுதலாகப் பார்த்துச் சொல்வார்கள். எந்தக் கடையிலாவது அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மருந்தின் தரத்தில் சந்தேகம் வந்தால் மிச்சக் குளிசைகளையும் உறையையும் வீசாமல் வைத்திருந்து, பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அலுவலகத்தில் உணவு மருந்துப் பரிசோதகரிடம் காட்டுங்கள். தொகுதி இலக்கம் இல்லாத உறையைக் கொண்டுபோனால் அவராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.